கை ஏறிடுச்சு... அப்புறம்?

புனே, 2021 மார்ச் 23. இங்கிலாந்துக்கு எதிரான முதல் ஒருநாள் போட்டி. ஜானி பேர்ஸ்டோ அடித்த பந்தைத் தடுக்கப் பாய்ந்து விழுந்த ஸ்ரேயாஸ் ஐயர், இடது தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அப்படியே மைதானத்தை விட்டு வெளியேறினார். கிரிக்கெட் வாரியம் சொன்னது முழு நழுவல்கூட இல்லை, பகுதி நழுவல்தான். ஆனாலும் இரண்டு வாரம் கழித்து, ஏப்ரல் 8 அன்று, அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. டெல்லி ஐ.பி.எல். அணியின் கேப்டன் பதவி ரிஷப் பந்திடம் போனது. செப்டம்பரில் ஐக்கிய அரபு அமீரகத்தில் மறுபடி மட்டை பிடித்தவர், நவம்பரில் கான்பூரில் தன் முதல் டெஸ்ட்டிலேயே சதம் அடித்தார்.

ரியல் மாட்ரிட்டின் ஜூட் பெல்லிங்காம் வேறு வழியில் போனார். 2023 நவம்பரில் ராயோ வயேகானோ அணியுடன் ஆடும்போது அவருடைய இடது தோள் இறங்கியது. அப்போது அவருக்கு வயது 20. கத்தி வைக்காமல், தோளை இறுக்கிப் பிடிக்கும் பிரேஸ் ஒன்றைச் சட்டைக்குள் மாட்டிக்கொண்டு ஆடினார். அந்த சீசனில் அவர் அணி ஸ்பானிஷ் லீக்கையும் சாம்பியன்ஸ் லீக்கையும் வென்றது. 2024 யூரோ இறுதிப் போட்டி வரை இங்கிலாந்துக்கும் ஆடினார். கடைசியில் 2025 ஜூலையில் அறுவை சிகிச்சை மேசையில் படுத்தார்.

மூன்றாவது ஆட்டக்காரனின் பெயர் நமக்குத் தேவையில்லை. பொங்கலை ஒட்டி நடக்கும் எந்தக் கபடித் தொடருக்குப் போனாலும் அவனைப் பார்க்கலாம். வயது 18, 19 இருக்கும். பாடிப் போனவனை மூன்று பேர் அமுக்கியிருப்பார்கள். நடுக்கோட்டைத் தொடக் கையை முழுசாக நீட்டியிருப்பான். மேலே இன்னொருவன் விழுவான். “ஷோல்டர் இறங்கிருச்சுடா!” ஓடிவரும் கூட்டத்தில் விஷயம் தெரிந்த அண்ணன் ஒருவர் நிச்சயம் இருப்பார். பையனைப் படுக்கவைத்து, அக்குளில் காலை ஊன்றி, மணிக்கட்டைப் பிடித்து இழுப்பார். டொக் என்று ஒரு சத்தம். “ஏறிடுச்சு!” கைதட்டல், வலி ஸ்பிரே, இரண்டாம் பாதியில் மறுபடி ஆட்டம்.

அக்குளில் கால் வைத்து இழுக்கும் அந்த முறை, கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் பெயரில் ஏறக்குறைய 2,400 ஆண்டுகளாக ஏட்டில் இருப்பது. அண்ணனின் கைவண்ணத்தைக் குறை சொல்வதற்கில்லை. எலும்பு பெரும்பாலும் ஏறிவிடுகிறது. ஏறியதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. இளம் ஆட்டக்காரரின் தோளுக்கு எலும்பை ஏற்றுவது முதலுதவி மட்டுமே. சிகிச்சை அதற்கு அடுத்த வாரம் தொடங்க வேண்டும். நம் ஊரில் அந்த வாரத்தில் அவன் அடுத்த தொடருக்கு வேன் ஏறியிருப்பான்.

கரண்டியில் எலுமிச்சை

இடுப்பில் தொடை எலும்பின் பந்து ஆழமான கிண்ணத்துக்குள் புதைந்து கிடக்கிறது. தோளின் கதை வேறு. பள்ளி விளையாட்டு விழாவில் கரண்டியை வாயில் கவ்வி, எலுமிச்சம்பழம் விழாமல் ஓடினோமே, ஏறக்குறைய அதுதான் தோள்மூட்டு. மேற்கை எலும்பின் தலை பெரியது. அதைத் தாங்கும் கிண்ணம் சிறியது, ஆழமும் இல்லாதது. எந்த நேரத்திலும் தலையின் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவான பரப்புதான் கிண்ணத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். பந்து எறியவும், முதுகு சொறியவும், சுவர் ஏறவும் கை இப்படிச் சுழல்வதற்கு உடல் கொடுக்கும் விலை இது. உடலின் பெரிய மூட்டுகளில் அதிகம் நழுவுவது தோள்தான்.

பழம் விழாமல் பார்த்துக்கொள்ள மூன்று காவல்கள் உண்டு. கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி லேப்ரம் என்ற நார் வளையம். அதோடு ஒட்டிய தசைநார்கள். நோயாளிகள் இந்த இரண்டையும் சேர்த்தே ‘ஜவ்வு’ என்பார்கள். மூன்றாவதாக, மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் நான்கு சிறு தசைகள். கையைத் தூக்கி, பக்கவாட்டில் விரித்து, பின்னுக்குத் திருப்பிய நிலையில் ஒரு தள்ளு விழுந்தால் இந்தக் காவல் உடைகிறது. எலும்பின் தலை முன்பக்கமாக வெளியே வருகிறது. நூற்றில் 95-க்கும் மேற்பட்ட நழுவல்கள் இப்படி முன்பக்கம் நடப்பவையே. கபடியில் செயின் போட்டு நிற்கும் இருவரின் கைகளை உடைத்துக்கொண்டு ஒருவன் பாயும்போது, பிடித்திருப்பவனின் கை போகும் நிலையும் இதுதான். வாலிபாலில் ஸ்மாஷ் அடிக்க ஓங்கிய கை, மல்யுத்தத்தில் முறுக்கப்பட்ட கை, எல்லைக்கோட்டில் பாயும் ஃபீல்டரின் கை எல்லாம் இதே கணக்கு.

வெளியே வரும் எலும்பு சும்மா வருவதில்லை. கிண்ணத்தின் முன்விளிம்பில் இருக்கும் லேப்ரத்தைப் பிய்த்துக்கொண்டு வருகிறது. தோள் மீண்டும் மீண்டும் இறங்கக் காரணம் இந்தக் கிழிசல்தான் என்று லண்டன் அறுவை மருத்துவர் பாங்கார்ட் 1923-ல் எழுதினார். இன்று எம்.ஆர்.ஐ. அறிக்கையில் பார்க்கும் ‘பாங்கார்ட் லீஷன்’ அவர் பெயர்தான். பிய்ந்தது தானாக ஒட்டாதா? பல சமயம் ஒட்டும். விளிம்பில் ஒட்டாமல், சரிந்து கிண்ணத்தின் கழுத்தில் போய் ஒட்டும். விளிம்பில் வரப்பு இல்லை. அடுத்த முறை நழுவுவதற்குப் பாதை தயார்.

சித்தப்பாவின் அனுபவம்

“எனக்கும்தான் ஒரு தடவை இறங்குச்சு. ஏத்தி விட்டாங்க. இருபது வருஷம் ஆச்சு, ஒண்ணுமே ஆகலை.” தோள் இறங்கிய பையன் வீட்டில் இப்படிச் சொல்ல ஒரு சித்தப்பாவோ மாமாவோ இருப்பார். பொய் சொல்லவில்லை அவர். அவருக்கு இறங்கியபோது வயது என்ன என்பதுதான் கேள்வி. நாற்பதைத் தாண்டியவருக்குத் தோள் இறங்கினால் மறுபடி இறங்குவது குறைவு. அந்த வயதில் மூட்டைப் பிடித்திருக்கும் சிறு தசைகளின் நார் கிழிந்திருக்கிறதா, கையைத் தூக்க முடிகிறதா என்றுதான் மருத்துவர் கவலைப்படுவார். பதின்ம வயதில் கதை தலைகீழ். வயது குறையக் குறைய மறுபடி இறங்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆண் பிள்ளை, மோதி விளையாடும் ஆட்டம் என்றால் இன்னும் கூடுகிறது.

எடின்பரோவில் 15 முதல் 35 வயது வரையிலான 252 பேரை முதல் நழுவலிலிருந்தே தொடர்ந்து கவனித்தார்கள். 2006-ல் வெளியான அந்த ஆய்வின்படி, இரண்டு ஆண்டுகளுக்குள் பாதிக்கு மேற்பட்டவர்களின் தோள் மறுபடி பிடிமானம் இழந்தது. ஐந்தாவது ஆண்டில் கணக்கு மூன்றில் இரண்டு பங்காகிவிட்டது. அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் 36 இளம் வீரர்களை வைத்து 1994-ல் வெளியான ஆய்வு இன்னும் கறாரானது. அறுவை இல்லாமல் ஓய்வும் பயிற்சியும் மட்டும் பெற்ற 15 பேரில் 12 பேருக்குத் தோள் மறுபடி நழுவியது. முதல் நழுவலுக்கே நுண்துளை அறுவை செய்துகொண்ட 21 பேரில் மூன்று பேருக்குத்தான் அப்படி நடந்தது.

இதைப் படித்துவிட்டு எல்லாப் பையன்களையும் உடனே ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்ப வேண்டுமா? அவசரப்பட வேண்டாம். சுவீடனில் 1978-79-ல் தோள் இறங்கியவர்களை 25 ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்தார்கள். இந்தத் துறையில் இவ்வளவு பொறுமையாகச் செய்த வேலைகள் குறைவு. முதல் நழுவலின்போது 12 முதல் 25 வயதுக்குள் இருந்து, அறுவை செய்யாமல் விட்டவர்களில் பாதிப் பேருக்குத் தோள் மறுபடி இறங்கவே இல்லை, அல்லது காலப்போக்கில் தானே நிலைபெற்றது. பாதி! ஆனால் அவர்கள் ஊரில் வாழும் சாதாரண இளைஞர்கள். வாரத்துக்கு நான்கு நாள் மேட் மீது புரளும் ஆட்டக்காரர்கள் இல்லை. படிப்பு, வேலை என்று போகும் பையனுக்குச் சுவீடன் கணக்கு. அடுத்த ஆண்டும் பாடிப் போக நினைக்கும் பையனுக்கு வெஸ்ட் பாயின்ட் கணக்கு. உங்கள் பிள்ளை எதில் சேர்த்தி என்பதை எந்த ஸ்கேனும் சொல்லாது. அவனிடம்தான் கேட்க வேண்டும்.

அதே சுவீடன் ஆய்வு ஒரு நம்பிக்கையையும் உடைத்தது. மூன்று, நான்கு வாரம் கையைக் கட்டிவைத்தவர்களுக்கும் சில நாளில் அசைக்க விட்டவர்களுக்கும், மறுபடி இறங்குவதில் வித்தியாசம் இல்லை. மருந்துக்கடையில் வாங்கும் ஆர்ம் பவுச் வலிக்கு நல்லது. அது ஜவ்வை ஒட்ட வைக்காது. கையை உள்ளே மடக்காமல் வெளிப்பக்கம் திருப்பிக் கட்டினால் லேப்ரம் சரியான இடத்தில் ஒட்டலாம் என்று ஜப்பானியர்கள் ஒரு யோசனை சொன்னார்கள். அவர்கள் ஆய்வில் பலன் தெரிந்தது. மற்ற நாடுகளில் செய்து பார்த்தபோது ஒரே மாதிரி விடை வரவில்லை.

எண்ணெய் போட்டு உருவுவதும் பச்சிலைக் கட்டும் இந்தப் பட்டியலில்தான் வரும். வலிக்கு இதமாக இருக்கலாம். கிண்ணத்தின் விளிம்புக்குப் போய் அது எதையும் தைப்பதில்லை.

எலும்பு தேயும் கதை

“இப்பல்லாம் வலியே இல்ல, நானே ஏத்திக்குவேன்” என்று பெருமையாகச் சொல்லும் ஆட்டக்காரர்களைக் கபடி வட்டாரத்தில் பார்க்கலாம். தூக்கத்தில் புரண்டால் இறங்கும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் இறங்கும். அவரே ஒரு திருப்புத் திருப்பி ஏற்றிக்கொள்வார். சுற்றி நிற்பவர்கள் வியப்பார்கள். எனக்கு இந்தப் பெருமையைக் கேட்டால்தான் பயம். ஏற்றுவது சுலபமாகிவிட்டது என்றால் தடுப்பதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை என்று பொருள்.

ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் எலும்பின் தலை கிண்ணத்தின் முன்விளிம்பில் மோதுகிறது. தலையின் பின்புறம் குழி விழுகிறது. 1940-ல் இதை எக்ஸ்ரேயில் விவரித்த ஹில், சாக்ஸ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்களின் பெயரால் ஹில்-சாக்ஸ் குழி என்கிறார்கள். கிண்ணத்தின் விளிம்பும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது, சில சமயம் சில்லாகப் பெயர்கிறது. முதல் முறை கிழிந்தது ஜவ்வு, அதைத் தைக்கலாம். பத்தாவது முறைக்குள் போயிருப்பது எலும்பு. அதைத் தைக்க முடியாது.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை 2000-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அமெரிக்காவின் பர்க்கார்ட்டும், ரக்பி ஆட்டக்காரர்களின் தோள்களை ஏராளமாகப் பார்த்த தென்னாப்பிரிக்காவின் டி பியரும் தாங்கள் செய்த 194 நுண்துளை அறுவைகளைத் திரும்பிப் பார்த்தார்கள். எலும்புச் சேதம் பெரிதாக இல்லாதவர்களில் 4 சதவிகிதம் பேருக்குத்தான் தோள் மறுபடி நழுவியிருந்தது. சேதம் இருந்தவர்களில் 67 சதவிகிதம். மோதி விளையாடுபவர்களை மட்டும் தனியாக எடுத்தால், எலும்பு நன்றாக இருந்தவர்களில் 6.5 சதவிகிதம், தேய்ந்தவர்களில் 89 சதவிகிதம். அதே மருத்துவர்கள், அதே அறுவை, அதே நூல். தேய்ந்த எலும்புதான் முடிவை மாற்றியது.

கத்தி எப்போது, எந்தக் கத்தி

எலும்பு நன்றாக இருந்தால் செய்வது பாங்கார்ட் பழுதுபார்ப்பு. தோளில் இரண்டு, மூன்று சிறு துளைகள். ஒன்றில் கேமரா, மற்றவற்றில் கருவிகள். கிண்ணத்தின் விளிம்பில் நூல் கோத்த சிறு ஆங்கர்களை இறக்கி, சரிந்து கிடக்கும் லேப்ரத்தை மேலே இழுத்து முடிச்சுப் போடுவார்கள். தலையின் பின்குழி பெரிதாக இருந்தால் அருகிலிருக்கும் தசைநாரை அந்தக் குழிக்குள் இழுத்துத் தைப்பதும் உண்டு.

கிண்ணம் தேய்ந்திருந்தால் லட்டார்ஜே. பிரான்ஸின் லியோன் நகர மருத்துவர் மிஷேல் லட்டார்ஜே 1954-ல் விவரித்த அறுவை. தோள்பட்டை எலும்பின் முன்புறம் கொக்கியாக நீட்டிக்கொண்டிருக்கும் துண்டை, அதில் ஒட்டிய தசைநாரோடு வெட்டியெடுத்து, தேய்ந்த விளிம்பில் பெரும்பாலும் இரண்டு திருகாணிகளால் பொருத்துகிறார்கள். எலும்பு கிண்ணத்தை அகலமாக்குகிறது. கையைத் தூக்கும்போது அந்தத் தசைநார் முன்னால் குறுக்கே நின்று தடுக்கிறது. மோதல் ஆட்டக்காரர்களுக்கு உறுதியான வழி. ஆனால் நரம்புகளுக்குப் பக்கத்தில் வேலை. திருகாணி தொந்தரவு தரலாம். பின்னாளில் மூட்டு தேயலாம். முதல் வாரமே வந்திருந்தால் பல பையன்களுக்கு இதுவரை வர வேண்டியிருக்காது.

எதைத் தேர்ந்தெடுப்பது? பால்க், பொவாலோ என்ற இருவர் 2007-ல் பத்து மதிப்பெண் கொண்ட ஓர் அளவுகோலைக் கொடுத்தார்கள். மதிப்பெண் ஏற ஏற ஜவ்வை மட்டும் தைப்பது தோற்கும். வயது 20 அல்லது அதற்குக் கீழ் என்றால் 2, போட்டி ஆட்டக்காரர் என்றால் 2, மோதும் ஆட்டம் அல்லது கையைத் தலைக்கு மேல் ஓங்கும் ஆட்டம் என்றால் 1, உடல் வளைந்துகொடுக்கும் இயல்பு என்றால் 1, எக்ஸ்ரேயில் தலையில் குழி தெரிந்தால் 2, கிண்ண விளிம்பு சிதைந்திருந்தால் 2. நம் கபடிப் பையனை இதில் நிறுத்திப் பாருங்கள். எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பே 5 மதிப்பெண். ஆறைத் தாண்டியவர்களுக்கு வேறு அறுவையை யோசிக்கச் சொன்னார்கள் அவர்கள். இந்த அளவுகோலை எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை. ஆனாலும் மருத்துவரிடம் போகும்போது “என் பையனின் கிண்ணத்தில் எலும்பு எவ்வளவு போயிருக்கிறது?” என்று கேளுங்கள். ஜவ்வைப் பார்க்க எம்.ஆர்.ஐ., எலும்பை அளக்க சி.டி. ஸ்கேன். இரண்டாவதைப் பல சமயம் நாமாகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

ஒரு வகைப் பிள்ளைகளுக்கு மட்டும் கத்தியை முதலில் நினைக்கவே கூடாது. கட்டைவிரலை வளைத்து முன்கையைத் தொடுவார்கள், முழங்கை பின்னால் வளையும், தோளைத் தாங்களே விலக்கிக் காட்டி நண்பர்களை அலறவைப்பார்கள். இவர்களுடைய தோள் எல்லாத் திசையிலும் தளர்ந்தது. பெரிய அடிபடாமலே நழுவும். இவர்களுக்கு மாதக்கணக்கில் பிசியோதெரபிதான் மருந்து. விலக்கிக் காட்டும் வித்தையை அன்றே நிறுத்த வேண்டும்.

மைதானத்தில் அந்த நிமிடம்

கையை இழுக்காதீர்கள். கீழே இறங்கியது போலத் தெரிவது எலும்பு முறிவாகவும் இருக்கலாம். குறிப்பாகப் பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு மூட்டு நழுவுவதைவிட எலும்பின் வளர்ச்சித் தகடு விலகுவதே அதிகம். அதைப் பிடித்து இழுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவனுக்கு வலி குறைவாகத் தோன்றும் நிலையிலேயே கையைத் துண்டால் உடலோடு கட்டுங்கள். மணிக்கட்டில் நாடி இருக்கிறதா, விரல்கள் அசைகின்றனவா பாருங்கள். போலீஸ்காரர் சட்டையில் பேட்ஜ் தைக்கும் இடத்தில் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று கேளுங்கள். மரத்திருந்தால் அந்தப் பகுதிக்குப் போகும் நரம்பு அழுந்தியிருக்கலாம். மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும். சோடாவோ டீயோ கொடுக்காதீர்கள், மயக்க மருந்து தேவைப்படலாம். நேரம் ஆக ஆகத் தசைகள் இறுகிவிடும் என்பதால் எக்ஸ்ரே இருக்கும் பக்கத்து மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். இன்றைய முறைகள் பலவற்றில் முரட்டு இழுப்பே கிடையாது. கையை மெதுவாகத் திருப்பி, தசை தளரும்வரை காத்திருந்து ஏற்றுகிறார்கள். ஏற்றிய பிறகும் ஓர் எக்ஸ்ரே. அந்த இரண்டு படங்களையும் பத்திரமாக வைத்திருங்கள். ஆறு மாதம் கழித்து அறுவை மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.

பையன்கள் ஏன் மறைக்கிறார்கள் என்பதும் தெரிந்ததே. தமிழ்நாட்டு அரசு வேலைகளில் 3 சதவிகித விளையாட்டு இட ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட், விடுதி, சாப்பாடு எல்லாம் அந்தத் தோளில் தொங்குகின்றன. புரோ கபடி 2014-ல் தொடங்கிய பிறகு ஆசை இன்னும் பெரிதானது. தோள் இறங்கியது தெரிந்தால் அணியில் எடுக்க மாட்டார்கள் என்ற பயம் நியாயமானதுதான். அறுவை என்றால் நான்கு முதல் ஆறு வாரம் கை கட்டில் இருக்கும், அதன் பிறகு வலுவேற்றும் பயிற்சி, மோதும் ஆட்டத்துக்குத் திரும்ப ஐந்தாறு மாதம். ஒரு சீசனே போய்விடும். அரசு மருத்துவமனைகளின் எலும்பு மூட்டுப் பிரிவுக்குப் போகும்போது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையையும் எடுத்துப் போய் விசாரித்தால் பணக் கவலையாவது குறையலாம். நாட்களைத் திருப்பித்தர எந்த அட்டையும் இல்லை.

பிசியோ பாதியில் நின்றுபோவதையும் சொல்ல வேண்டும். வலி போனதும் பையன் நேரே ஜிம்முக்குப் போய் பெஞ்ச் பிரஸ் அடிக்கிறான். நெஞ்சு விரிகிறது, தோளின் பின்புறம் அப்படியே கிடக்கிறது. கம்பியைக் கழுத்துக்குப் பின்னால் இழுக்கும் பயிற்சி, தோள் நழுவிய அதே நிலைக்குக் கையை மறுபடி கொண்டுபோகிறது. ரப்பர் பட்டையை இழுக்கும் சலிப்பான பயிற்சிகள்தான் அந்த நான்கு சிறு தசைகளுக்குச் சோறு. காலண்டரைப் பார்த்துத் தேதி குறிக்காமல் தோளைப் பார்த்துக் குறிக்க வேண்டும். அசைவு முழுசாக வர வேண்டும், வலு மறு கைக்குச் சமமாக வேண்டும். கையைத் தூக்கிப் பின்னுக்குச் சாய்க்கும்போது அவன் முகத்தில் ‘இறங்கப் போகுது’ என்ற கலவரம் இருக்கக் கூடாது.

அடுத்த மாதமே மாநில அணித் தேர்வு என்றால்? அமெரிக்கக் கல்லூரிகளில் மோதல் ஆட்டம் ஆடிய 45 பேரை வைத்து 2014-ல் வெளியான ஆய்வு இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. சீசன் நடுவில் தோள் பிடிமானம் இழந்த அவர்களில் 33 பேர் அறுவை இல்லாமல் திரும்பினார்கள், பலரும் ஒரு வாரத்துக்குள்ளேயே. மறுபடி பிரச்னை இல்லாமல் சீசனை முடித்தவர்கள் 12 பேர். ஆக, பிரேஸ் போட்டு ஆடுவது முடியாத காரியம் இல்லை. முதல் நழுவலாக இருந்து, ஸ்கேனில் எலும்பு முழுசாக இருந்து, அசைவும் வலுவும் திரும்பியிருந்தால், மருத்துவர் சம்மதத்தோடு அவன் தேர்வில் ஆடலாம். ஆடுவதற்கு முன்பே பையனும் பெற்றோரும் பயிற்சியாளரும் உட்கார்ந்து இரண்டு விஷயங்களை முடிவுசெய்துகொள்ள வேண்டும்: சீசன் முடிந்ததும் அறுவை மருத்துவரைப் பார்க்கும் தேதி, நடுவில் இன்னொரு முறை நழுவினால், அது அரையிறுதியாகவே இருந்தாலும், அவனுக்குப் பதிலாகக் களமிறங்கப் போகிறவனின் பெயர்.